வடக்குச் சிறகு

ஓடைக்கல்பட்டி,
6.1.2024

தங்கப்பொண்ணு சிஸ்டருக்கு அண்ணன் இன்னாசி எழுதுவது.

நம் மிக்கேல் கோயிலின் சரித்திரத்தைப் பொய்யாக எழுதி அச்சடித்துவிட்டார்கள். இந்த அநியாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் உன் சுகத்தை விசாரிப்பேன்.

நூற்றைம்பதாம் ஆண்டு விழா மலர் கிறிஸ்துமஸுக்கு வெளியானது. பதினோராம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நாளடைவில் விசுவாசிகளின் எண்ணிக்கை பெருகியதால், 1911ஆம் ஆண்டு ஆலயத்தின் வடபுறம் ஒரு சிறகு இணைக்கப்பட்டது."

எந்தக் கூட்டம் பெருகியது? 1911இல் நம் கீழத்தெருவில் முப்பது வீடு இருந்திருந்தால் அதிகம். நடுக்கூடத்தில் நானூறு பேர் உட்காரலாம். நாம் மேலத்தெருக்காரர்களோடு ஒரே கூரைக்குக் கீழே முட்டி போடக் கூடாது என்பதற்காகக் கட்டிய சிறகு அது. பிற்பாடு கட்டியதும் இல்லை. 1874இல் கோயில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே சிறகுக்கும் சேர்த்துத் தோண்டினார்கள். முதல் நாளே யோசித்து, நூல் பிடித்து, நம்மை ஒதுக்கினார்கள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கூடம் இருபத்தெட்டு அடி உயரம், தேக்கு உத்திரம். சிறகு பதினோரு அடி, நாட்டு ஓடு. நமக்குத் தனி வாசல். பீடத்தைப் பார்க்க மூன்று வளைவு, வளைவுகளுக்குக் குறுக்கே மரக் கிராதி. சாமியார் நடுக்கூடம் முழுக்க நன்மை அப்பம் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் நம் கிராதிக்கு வருவார். ஒன்பது வயதில் நீ அந்தக் கிராதிக்குள் தலையை விட்டுச் சிக்கிக்கொண்டு ஊரையே கூட்டினாயே, மறந்திருக்க மாட்டாய். 1979இல் கிராதியை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் எங்கும் உட்காரலாம். நான் இன்றுவரை சிறகில்தான் உட்காருகிறேன். செய்ததை அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கட்டும்.

எழுதியவர் பெயர் போடவில்லை. 'வரலாற்று ஆர்வலர் ஒருவர்' என்று இருக்கிறது. நீ முப்பது வருடம் சரித்திர டீச்சராக இருந்தவள். யார் எழுதியிருப்பார்கள் என்று உன்னால் ஊகிக்க முடியும். எனக்கு அந்தப் பெயர் வேண்டும்.

போனில் கூப்பிட்டால் டவர் இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவாய். அதனால் கடிதம். உனக்கு மூச்சு வாங்குவது எப்படி இருக்கிறது? அங்கே பனி அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். நெஞ்சை மூடிக்கொண்டு படு. எனக்கு வலது முழங்கால் போய்விட்டது, மற்றது எல்லாம் சரி.

மிக்கேல் சம்மனசு உன்னைக் காக்கட்டும்.
இன்னாசி


கும்லா, ஜார்க்கண்ட்
11.2.2024

சேசு மரி சூசை

பாசமுள்ள அண்ணனுக்குத் தங்கச்சியின் தோத்திரம்.

உங்கள் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. நான் சுகமாக இருக்கிறேன். பனி குறைந்துவிட்டது. மூச்சுக்கு டாக்டர் புது மருந்து கொடுத்திருக்கிறார். முழங்காலுக்குச் சும்மா இருக்காமல் விளாங்குடியில் உங்கள் பையன் வீட்டுக்குப் போய் பத்து நாள் தங்குங்கள். அங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அவனும் எத்தனை தடவை கூப்பிட்டுவிட்டான்.

மலர் இங்கும் வந்தது. அட்டையில் கோயில் அழகாக இருக்கிறது. மணிக்கூண்டுக்கு வெள்ளை அடித்தது கண்ணுக்குக் குளிர்ச்சி. எங்கள் மதர் புரட்டிப் பார்த்து, உங்கள் ஊரில் இவ்வளவு பெரிய கோயிலா என்று ஆச்சரியப்பட்டார்கள்.

ஒரு வரிக்காக இவ்வளவு மனம் வருந்த வேண்டாம் அண்ணே. விழா வருடத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதியிருப்பார்கள்.

தவக்காலம் தொடங்குகிறது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.
தங்கச்சி


ஓடைக்கல்பட்டி,
2.3.2024

தங்கப்பொண்ணுக்கு அண்ணன் எழுதுவது.

புது மருந்து கேட்கிறதா? வேளை தவறாமல் சாப்பிடு.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பெயர் கேட்டேன். அட்டைப்படத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

ஒரு வரி என்கிறாய். அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று கேள். போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வடக்குச் சிறகை இடித்துவிட்டு அந்த இடத்தில் போர்டிகோ கட்டப் போகிறார்களாம், கார் வந்து நிற்க. செப்டம்பர் திருவிழாவுக்குள் முடிய வேண்டுமாம். ஏன் இடிக்கலாம் என்பதற்குக் காரணமும் போட்டிருந்தார்கள்: 'இது மூல ஆலயத்தின் பகுதி அன்று, 1911இல் சேர்க்கப்பட்டது.' ஆதாரம், விழா மலர், பக்கம் பதினொன்று.

பங்குப் பேரவைச் செயலாளர் அசோக்குமார், மேலத்தெரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், நோட்டீஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சார், இதை இடிச்சிட்டா நாங்க எங்கிட்டு உக்கார்றது?" என்றேன்.

"அண்ணே, நடுக்கூடம் பூரா காலியாத்தானே கெடக்கு. யாரு வேணாம்னா?"

"அம்பது வருசத்துக்கு முன்னாடி இதைச் சொல்லிருக்கணும்."

"அதைத்தான் இப்பச் சொல்றோம்ல. அந்தச் சிறகு நின்னாத்தான் பழசு ஞாபகம் வரும். இடிச்சுட்டா ஒரே குடும்பம்."

"செஞ்சவனுக்கு ஞாபகம் வரக் கூடாது, அம்புட்டுத்தானே?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனால் என்னிடம் சாட்சி இருக்கிறது. சிறகின் மேற்குச் சுவரும் நடுக்கூடத்துச் சுவரும் சேரும் மூலையில், மேலே பூச்சு விழுந்து செங்கல் தெரிகிறது. ஒரு சுவரின் செங்கல் இன்னொரு சுவருக்குள் பல் மாதிரி நுழைந்து கோத்திருக்கிறது. ஒரே சமயத்தில் எழுப்பிய சுவர்கள்தான் அப்படிக் கோத்திருக்கும். பிறகு வந்து ஒட்டிய சுவர் என்றால் மேலிருந்து கீழே நேர்கோடாகப் பிளவு தெரியும். ஆரப்பாளையத்தில் எத்தனையோ லாட்ஜுக்குக் கொத்தனார் வேலை பார்த்தவன் நான். அசோக்குமாருக்கு ஆங்கிலம் தெரியும், எனக்குச் சுவர் தெரியும்.

பேரவைக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அந்த மூலையின் பூச்சைக் கீழ்வரை உரித்துப் பார்க்க வேண்டும். கோத்திருந்தால் சிறகு 1874. இடிக்கக் கூடாது, மலரில் திருத்தம் போட வேண்டும்.

பெயரை எழுது.
இன்னாசி


கும்லா,
14.4.2024

சேசு மரி சூசை

அண்ணனுக்குத் தோத்திரம். பாஸ்குத் திருநாள் வாழ்த்துகளைத் தாமதமாகச் சொல்கிறேன்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. இலுப்பைப் பூ பொறுக்கும் காலம். பிள்ளைகள் விடியும் முன்பே காட்டுக்குப் போய்விடுவதால் பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி. நான் இப்போது பாடம் எடுப்பதில்லை, நூலகத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே அழகர் ஆற்றில் இறங்கும் நாள் நெருங்குகிறது. கூட்டத்தில் பஸ் ஏறாதீர்கள்.

இடிந்தால் இடியட்டும் அண்ணே. அந்த இடம் இல்லாமல் போனால் நம் பேரப்பிள்ளைகள் யாரும் அதைச் சொல்லி வளர வேண்டியதில்லை.

உங்கள் உடம்பைப் பாருங்கள்.
தங்கச்சி


ஓடைக்கல்பட்டி,
13.5.2024

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று பூசைக்குப் பிறகு மூலையை உரித்தார்கள். என் பழைய கூட்டாளி, விளாங்குடி காளைதான் உளி பிடித்தான். இடிக்கிற வேலையை எடுத்திருப்பதும் அவன்தான், கூலிக்கு. சாமியார், பேரவைக்காரர்கள், இரண்டு தெரு ஜனமும் நின்றது. நான் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தேன்.

மேலே ஆறு வரி செங்கல் கோத்திருந்தது. ஏழாவது வரியிலிருந்து கோர்வை இல்லை. நேர்கோடு. கத்தியை வைத்துக் கீறியதுபோல அடி வரைக்கும் பிளவு.

எப்போதோ மேலே மழை இறங்கிக் கரைந்த இடத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அப்போது கோத்துவிட்டார்கள். அந்த ஆறு வரியை வைத்துத்தான் நான் நாற்பது வருடமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். கீழேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புதிதாகக் கரண்டி பிடித்தவன் செய்கிற தப்பு.

அசோக்குமார் கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டும் வேற வேற காலத்துச் சுவர்ங்கிறது நிரூபணமாயிருச்சு. அண்ணனே கேட்ட சோதனைதான் இது" என்றார். சிலர் கை தட்டினார்கள். நம் தெரு மாயக்காள் மட்டும், "எதுக்குய்யா தட்டுறீக, இங்க என்ன மாடா பிடிக்கிறாக?" என்று சத்தம் போட்டாள்.

எனக்கு வாய் நிற்கவில்லை. "சுவரு வேற காலமா இருந்துட்டுப் போகட்டும். கூட்டம் பெருகுனதால கட்டுனதுன்னு எழுதுனவன் எவன்? எங்க தெருவுல ஒரு நாள் உக்காந்திருந்தா அப்பிடி எழுதிருப்பானா? கையைக் காட்டச் சொல்லுங்க அவனை!" என்றேன்.

சாமியார், "ஐயா, விடுங்க" என்று என் தோளைத் தொட்டார். அசோக்குமார் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது.

"அண்ணே, எழுதுனது உங்க தங்கச்சிதான். பேரு போட வேணாம்னு அவுகளே சொன்னாக."

நான் ஜனவரியில் கேட்டேன். மார்ச்சில் கேட்டேன். நீ எனக்கு இலுப்பைப் பூவைப் பற்றி எழுதினாய்.

ஏன்?
இன்னாசி


ஓடைக்கல்பட்டி,
17.6.2024

ஒரு மாதம் ஆகிவிட்டது. போஸ்ட்மேனிடம் தினமும் கேட்டு, இப்போது அவன் எங்கள் தெருவைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறான். போன் செய்தேன், வேறு ஒரு சிஸ்டர் எடுத்து நீ ஜெபத்தில் இருப்பதாக இந்தியில் சொன்னாள். மூன்று தடவையும் ஜெபம்.

உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அதையாவது எழுதச் சொல்.

சிறகில் ஓடு பிரிக்க ஜூலை பதினைந்து தேதி குறித்திருக்கிறார்கள்.
இன்னாசி


கும்லா,
30.6.2024

சேசு மரி சூசை

அண்ணனுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

போன வருடம் அசோக்குமார் சார் எனக்குப் போன் செய்து, ஊர்ப்பிள்ளை, சரித்திரம் படித்தவள், நீங்களே எழுதித் தாருங்கள் என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தது. 1911 என்ற தேதி அவர் அனுப்பிய குறிப்பில் இருந்தது. அது ஓடு மாற்றிய வருடமாகக்கூட இருக்கலாம் என்று எனக்கே அப்போது தோன்றியது. விசாரிக்கவில்லை. கூட்டம் பெருகியதால் என்பது மட்டும் குறிப்பில் இல்லை. அது நான் எழுதியது.

கிராதியில் நான் தலை சிக்கியதை எழுதியிருந்தீர்கள். நீங்கள் அன்று வெளியே மரக்கிளையில் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள், முழுக்கப் பார்க்கவில்லை. மேலத்தெரு ஸ்டெல்லா என் வகுப்புப் பிள்ளை. கிறிஸ்துமஸ் குடிலில் ஆட்டுக்குட்டி வைத்திருக்கிறார்கள், இங்கிட்டு வந்து பாரு என்று கூப்பிட்டாள். நான் தலையை விட்டேன். எடுக்க முடியவில்லை. மணி அடிக்கும் கோயில்பிள்ளை வந்து பார்த்தார். ஒரு மரச்சட்டத்தைக் கழற்றினால் போதும். கிராதியில் கை வைக்கச் சாமியாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கத்தரி கொண்டுவந்து என் சடையை அடியோடு வெட்டி, தலையை இழுத்தார். காதில் தோல் உரிந்தது. அப்பா அங்கேதான் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. காதுக்குப் பின்னால் என்ன தழும்பு என்று கேட்டார்கள். விளையாடும்போது விழுந்தது என்றேன். உங்கள் ஊர்க் கோயில் எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். பெரிய கோயில், கூட்டம் தாங்காமல் பக்கத்தில் ஒரு சிறகு கட்டினார்கள், நாங்கள் அங்கே உட்காருவோம் என்றேன். நாற்பத்தொன்பது வருடமாக இதையே சொல்லி வந்திருக்கிறேன். இங்கே யாருக்கும் நான் எந்தத் தெரு என்று தெரியாது. கேட்காமல் இருப்பதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன்.

எழுத உட்கார்ந்தபோது பேனா தானாக அதையே எழுதியது. மலர் இந்த மடத்துக்கும் வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வரியைக் காட்டிச் சிறகை இடிப்பார்கள் என்று நினைக்கவில்லை. நோட்டீஸ் பற்றி நீங்கள் எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.
தங்கச்சி


ஓடைக்கல்பட்டி,
21.7.2024

தங்கப்பொண்ணுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கத்தரி விஷயம் எனக்குத் தெரியாது. பேன் விழுந்ததால் அம்மா வெட்டிவிட்டாள் என்று அப்பா சொன்னதை இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன். அப்பாவும் ஒரு சரித்திரம் எழுதியிருக்கிறார்.

மன்னித்தேன் என்று எழுதப் போவதில்லை. அது இப்போது என் கையில் இல்லை, வேறு வேலை வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஓடு பிரித்தார்கள். நான் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் காளை பைக்கில் என் வீட்டு வாசலுக்கு வந்தான். தலையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏறுண்ணே வண்டியில."

"எதுக்கு? நீ இடிக்கிறதைப் பாக்கவா?"

"ஏய், ஏறுப்பா. எனக்குப் புரியல, நீ வந்து சொல்லு."

அந்த மூலையில், நேர்கோட்டுப் பிளவுக்குப் பக்கத்தில், நடுக்கூடத்துச் சுவரின் நுனியிலிருந்து மூன்று செங்கல் தானாக உதிர்ந்திருந்தது. பின்னால் நம் சிறகின் மேற்குச் சுவர் தெரிந்தது. நான் செங்கல் தெரியும் என்று நினைத்தேன். செங்கல் இல்லை. பூச்சு. வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் இன்னொரு வெள்ளை. காளை நகத்தால் சுரண்டினான். ஐந்து அடுக்கு வெள்ளை உரிந்தது. மழைத் தண்ணீர் வழிந்த பழுப்புக் கோடுகூட இருந்தது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இரண்டு சுவர் முட்டும் இடத்துக்குள் யாரும் பூச மாட்டார்கள், கை நுழையாது. அந்த இடத்தில் பூச்சும் ஐந்து அடுக்கு வெள்ளையும் இருக்கிறது என்றால், ஒரு காலத்தில் அந்தச் சுவர் வெளியில், வெயிலில், தனியாக நின்றிருக்கிறது. பிறகுதான் அதன்மேல் இன்னொரு சுவர் வந்து முட்டியிருக்கிறது. வந்து முட்டியது எது? நடுக்கூடத்துச் சுவர். பெரிய வாசலில் 1874 என்று கல் வைத்திருக்கிற சுவர்.

சிறகு பின்னால் சேர்த்ததும் இல்லை. கோயிலோடு சேர்த்துக் கட்டியதும் இல்லை. சிறகுதான் முதல் கோயில். உள்ளே கிழக்குச் சுவரில் பழைய அலமாரியை நகர்த்திப் பார்த்தோம். செங்கல் வைத்து அடைத்த ஒரு பீட மாடம் இருக்கிறது. தெற்குச் சுவரில் இருக்கும் மூன்று வளைவும் கட்டிய வளைவு இல்லை. இருந்த சுவரை உடைத்துத் திறந்திருக்கிறார்கள். விளிம்புச் செங்கல் எல்லாம் வெட்டுப்பட்டது.

எந்த வருடம் கட்டியது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். கீழத்தெரு ஜனம் தங்களுக்கென்று ஒரு கோயில் கட்டி, ஐந்து தடவையாவது வெள்ளை அடித்துக் கும்பிட்டிருக்கிறது. பிறகு மற்றவர்கள் வந்து பக்கத்தில் பெரிதாகக் கட்டி, நம் சுவரை உடைத்து, நம்மை அவர்கள் கோயிலின் ஓரம் ஆக்கி, குறுக்கே கிராதி போட்டிருக்கிறார்கள்.

மாயக்காள் வந்து பார்த்தாள். பூச்சைக் கையால் தடவினாள். பிறகு, "அப்ப இம்புட்டு நாளும் நம்ம வீட்டுக்குள்ளேயேவா கையைக் கட்டிக்கிட்டு நின்னோம்?" என்றாள்.

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. சந்தோஷப்பட வேண்டும்தானே? நம்மை ஒதுக்கக் கட்டிய சுவர் என்று அறுபது வருடம் அதன்மேல் கோபப்பட்டேன். பிடிவாதமாக அங்கேயே உட்கார்ந்து, அவர்களுக்கு உறுத்தட்டும் என்று நினைத்தேன். அதை நம் ஆட்கள் ஆசையாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நாள்கூட அதை ஆசையாகப் பார்த்ததில்லை நான். நீ ஒரு பொய் எழுதினாய். நான் ஒரு பொய்யைச் சண்டை போட்டுக் காப்பாற்றினேன். நாம் இரண்டு பேரும் அது நம்முடையது என்று மட்டும் நினைக்கவே இல்லை.

சாமியார் வந்து பார்த்துவிட்டு வேலையை நிறுத்தச் சொன்னார். பிஷப் இல்லத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு செப்டம்பர் 22 ஞாயிறு வந்து பார்க்கும். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோம். மழை வந்தால் மண்சுவர் மாதிரி கரையும்.

அசோக்குமார் விடவில்லை. சுவரைப் பற்றிக் கொத்தனார்கள் ஆயிரம் சொல்வார்கள், எழுத்தில் இருப்பது 1911, எழுதியவர் படித்தவர், அதே தெருக்காரர், அவரே மறுக்கட்டும் என்கிறார். இதில் மட்டும் அவர் சொல்வது நியாயம். நீ வர வேண்டும்.

மருந்தை மறக்காதே.
இன்னாசி


கும்லா,
20.8.2024

சேசு மரி சூசை

அண்ணனுக்குத் தோத்திரம்.

உங்கள் கடிதத்தை நூலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். பூச்சு இருந்த இடத்தை நீங்கள் எழுதிய பக்கத்தை ஐந்தாறு தடவை படித்தேன்.

மதரிடம் விடுமுறை கேட்டேன். காரணம் கேட்டார்கள். ஊர்க் கோயில் விழா என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. செப்டம்பர் 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை மதுரைக்கு வந்துவிடுவேன். நம் ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குழு முன்னால் நான் உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். பேசுவது நீங்களாக இருக்கட்டும். 1911 தவறு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? தேதி தப்பு என்றால் போதுமே. மைக்கில் நின்றால் எனக்கு மூச்சு வாங்கும்.

முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் கொண்டுவருகிறேன்.
தங்கச்சி


ஓடைக்கல்பட்டி,
5.9.2024

தங்கப்பொண்ணுக்கு அண்ணன் எழுதுவது. இது உனக்குக் கிடைத்துவிட்டால் வழியில் யோசிக்க நேரம் இருக்கும். அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

போதாது. தேதி மட்டும் தப்பு என்றால், 1911க்குப் பதில் வேறு ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, கூட்டம் பெருகியதால் என்பதை அப்படியே வைத்துக்கொள்வார்கள். அந்த வரியில் பெரிய பொய் எண் இல்லை.

நேற்று ஒரு மழை. தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து மூலையில் தண்ணீர் இறங்கிவிட்டது. வெள்ளை கொஞ்சம் கரைந்து தரையில் பால் மாதிரி ஓடியது. நான் என் வேட்டியை வைத்துத் துடைத்தேன். இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டேன். உன் பங்கும் இதில் இருக்கிறது.

சாமியார்: குழு வந்து போகும்வரை யாரும் அந்த மூலையில் உளி வைக்கக் கூடாது என்று வரும் ஞாயிறு பீடத்திலிருந்து அறிவிக்க வேண்டும். பெரிய வாசல் பெட்டகத்தில் இருக்கும் பழைய ஞானஸ்நானப் புத்தகங்களைக் குழுவுக்கு எடுத்து வைக்க வேண்டும், 1874க்கு முந்தியது இருந்தால் அதையும்.

காளை: புதுத் தார்ப்பாய் இரண்டு. உதிர்ந்த மூன்று செங்கலையும் எண் போட்டு எடுத்து வைக்க வேண்டும். குழு முன்னால் நாலாவது செங்கலை அவன்தான் உருவ வேண்டும். நான் உருவினால் நானே பூசி வைத்தேன் என்பார்கள். 20ஆம் தேதி காலை ஸ்டேஷனுக்கு வந்து உன்னைக் கூட்டிவர வேண்டும். பைக்கில் ஏற மாட்டாய் என்று சொல்லிவிட்டேன், ஆட்டோ பிடிப்பான்.

மாயக்காள்: கீழத்தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அன்று வர வைக்க வேண்டும். வருபவர்கள் கை கட்டி நிற்கக் கூடாது என்று சொல்லி வைக்க வேண்டும். யாரையும் திட்டவும் கூடாது. இரண்டாவதற்கு அவள் வாக்குத் தரவில்லை.

அசோக்குமார்: உனக்கு அனுப்பிய குறிப்பின் மூலத் தாளைக் கொண்டுவர வேண்டும். 1911இல் ஓடு மாற்றியதா, சிறகு கட்டியதா என்று அதில் இருப்பதை அவரே வாசிக்க வேண்டும். கேட்டேன். தேடுகிறேன் என்றார். தினமும் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறேன்.

நீ: நான் தாள் எழுதித் தரமாட்டேன். உன் பெயர், அப்பா பெயர், தெருவின் பெயர், மூன்றையும் நீயே சொல்ல வேண்டும். அந்த வரியை ஏன் எழுதினாய் என்று சொல்ல வேண்டும். கத்தரியைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். மூச்சு வாங்கினால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடி, எல்லோரும் காத்திருக்கட்டும்.

நான்: நீ பேசி முடிக்கிறவரை நடுவில் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னாசி